மூப்பர், அண்ணாவியார், அன்பியம்: திருகோணமலைக் கத்தோலிக்கப் பங்கின் வாரம்

திருகோணமலை நகரில் கத்தோலிக்கப் பங்கு ஒன்றின் வாரம் ஞாயிறு காலைப் பூசையோடு தொடங்கும். பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. செவ்வாய் அந்தோனியாருக்கு, புதன் சதா சகாய மாதாவுக்கு, வெள்ளி இயேசுவின் திரு இருதயத்துக்கு, சனி மாதாவுக்கு. இவற்றுக்கிடையே ஒரு மாலை மரியாயின் சேனைக் கூட்டம், ஒரு மாலை பாடகர் பயிற்சி, ஒரு மாலை ஏதாவதொரு வீட்டில் அன்பியக் கூட்டம். நோயாளர் வீடுகளுக்கு நற்கருணை போகும். செத்த வீடென்றால் அன்றைய ஒழுங்கு எல்லாம் ஒதுங்கி நிற்கும். இவற்றில் பூசையும் பாவசங்கீர்த்தனமும்தான் குருவானவருக்கே உரியவை. மற்றவற்றைப் பெரும்பாலும் பொதுநிலையினரே நடத்துகின்றனர். இது அண்மைக்காலச் சீர்திருத்தம் ஒன்றின் விளைவு என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் இந்தத் துறைமுகத்தில் குருவே இல்லாதிருந்த ஒரு நெடுங்காலத்தில் இதன் வேர் இருக்கிறது.

கத்தோலிக்கம் இங்கு வந்து நிலைத்த விதம் பெருமைப்படத் தக்கதல்ல. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா காலத்தில் சுவாமிமலையில் இருந்த கோணேசர் கோயில் இடிக்கப்பட்டது. அதன் கற்களைக் கொண்டே 1624இல் கோட்டை கட்டப்பட்டது. அந்தக் கோட்டையே இன்றைய பிரெட்ரிக் கோட்டை. படையோடு வந்த சமயம் படையோடு போயிருக்கவும் கூடும். ஒல்லாந்தர் 1639இல் கோட்டையைப் பிடித்தனர். பின்னர் அதைக் கைவிட்டு 1660களில் மீண்டும் வந்து நிலைகொண்டனர். இதற்குள் 1658இல் தீவில் போர்த்துக்கேயர் வசமிருந்த கரையோரம் முழுவதும் அவர்கள் கைக்கு வந்திருந்தது. கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்ற கட்டளையும் அதே ஆண்டில் பிறந்தது.

ஒல்லாந்தர் ஆட்சியில் திருமணமும் ஞானஸ்நானமும் சீர்திருத்தச் சபையின் பதிவேட்டில் ஏறினால்தான் சட்டப்படி செல்லும். சொத்துரிமை கேட்பதற்கும் பிள்ளையின் பிறப்பை நிறுவுவதற்கும் அந்தப் பதிவு வேண்டும். ஆகவே கத்தோலிக்கர் பகலில் ஒல்லாந்தரின் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, இரவில் வீட்டுக்குள் செபமாலை சொன்னார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தீவில் குருக்கள் எவரும் நிலையாக இருக்கவில்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசவ் வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோதுதான் அந்த இடைவெளி முடிந்தது. 1692இல் கண்டிக்குச் சென்ற அவரை ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறையிட்டனர். பின்னர் அங்கேயே அவருக்கு அரச ஆதரவு கிடைத்தது. கண்டியைப் புகலிடமாகக் கொண்டு அவரும் அவருடைய ஒறற்றோரியன் சபைத் தோழர்களும் ஒல்லாந்தரின் கரையோர ஊர்களுக்கு மறைவாக இறங்கிப் போய்வந்தனர். 1711 ஜனவரி 16இல் கண்டியில் அவர் இறந்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஒருசில குருக்கள் தீவு முழுவதையும் பார்க்க வேண்டியிருந்தது. அதிர்ஷ்டமுள்ள ஊருக்குக்கூட ஆண்டில் ஒரு தடவை பூசை கிடைத்தால் பெரிது. எஞ்சிய வாரங்களை யார் நடத்துவது? இதற்கு ஒறற்றோரியன் குருக்கள் கண்ட வழி எளிது: ஊர்தோறும் ஒரு மூப்பர், ஓர் அண்ணாவியார். மூப்பர் கோயிலுக்கும் மக்களுக்கும் பொறுப்பாளி. யார் நோயாய்க் கிடக்கிறார், எந்த வீட்டில் பிணக்கு, யார் பிறந்தார், யார் இறந்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாகும் நிலையிலுள்ள குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பதும், குரு இல்லாமல் பிரேதத்தை அடக்குவதும் அவர் வேலை. அண்ணாவியார் படிப்பிப்பவர். ஞாயிறு தோறும் மக்களைக் கூட்டிச் செபங்களைச் சொல்லிக்கொடுப்பார், கையெழுத்து ஏட்டிலிருந்து ஞானவாசகம் வாசிப்பார், பிள்ளைகளுக்கு மந்திரங்களை மனனம் செய்விப்பார். குருவானவர் வரப்போகிறார் என்று இரகசியமாகச் செய்தி வந்தால், பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியவர், கலியாணம் எழுத வேண்டியவர், ஞானஸ்நானத்துக்கு நிற்பவர் எல்லோரும் முன்கூட்டியே ஆயத்தமாயிருப்பார்கள். ஓரிரு இரவுக்குள் ஓராண்டு வேலை முடிந்தாக வேண்டும்.

அண்ணாவியார்கள் கையில் வாசிப்பதற்கு ஏதாவது இருந்தாக வேண்டும். அந்தத் தேவையை நிறைவேற்றியவர் 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட இவர் தமிழிலும் சிங்களத்திலும் எழுதியவற்றுள் ‘வியாகுலப் பிரசங்கம்’ தபசுகாலத்தில் ராகத்தோடு வாசிக்கப்படும் நூலாக இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே நிலைபெற்றுவிட்டது. அச்சகம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. ஆகவே இந்த நூல்கள் ஓலையிலும் தாளிலும் படியெடுக்கப்பட்டே பரவின. 1742இல் அவர் இறந்த பிறகும் அவை பயன்பாட்டில் இருந்தன. பிரசங்கம் செய்யக் குரு இல்லாத ஞாயிறுகளில் அந்த எழுத்தே பிரசங்கியாரானது.

1782 ஒரே ஆண்டில் இந்தத் துறைமுகம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது. பின் உடன்படிக்கையால் ஒல்லாந்தரிடமே திரும்பி, 1795இல் ஆங்கிலேயரிடம் நிலைத்தது. சமயத் தடைகள் தளர்ந்தன. தேசாதிபதி தோமஸ் மெயிற்லண்ட் 1806இல் பிறப்பித்த ஒழுங்குவிதி கத்தோலிக்கரின் திருமணங்களைச் செல்லுபடியாக்கி, அரச பதவிகளுக்கும் அவர்களுக்கு வழி திறந்தது. தளர்ச்சி வந்தாலும் குருக்கள் பெருகிவிடவில்லை. கோவாக் குருக்களே தொடர்ந்து பணியாற்றினர். 1834இல் இலங்கை தனி அப்போஸ்தலிக்க மறைமாவட்டமானது. அடுத்த பத்தாண்டில் வடக்கும் கிழக்கும் யாழ்ப்பாணத்தின் கீழ் பிரிக்கப்பட்டன. இத்தாலியரான ஒராசியோ பெத்தாக்கினி ஆண்டகை அழைத்ததன் பேரில் 1847இல் அமலமரித் தியாகிகள் வந்தனர். திருகோணமலை புனித மரியாள் ஆலயம் 1852இல் எழுந்தது இந்தப் பின்னணியில்தான். வான்நீல முகப்பும் ஓடு வேய்ந்த கோபுரமுமாய் இன்று பேராலயமாக நிற்பது அதுவே.

துறைமுகப் பங்கு ஒரே சாதியாரின், ஒரே மொழியினரின் பங்காக ஒருபோதும் இருந்ததில்லை. கரையோரத் தமிழ் மீனவக் குடும்பங்கள் ஒரு பகுதி. தச்சு, கொல்லு, தையல் போன்ற தொழில்களில் தேர்ந்த போர்த்துக்கேயப் பறங்கியர் இன்னொரு பகுதி. பாலையூற்றுப் பக்கத்தில் வாழும் இவர்களது முதியோரிடையே கிரியோல் போர்த்துக்கேயம் இன்னும் கேட்கும். கோட்டைப் படையில் இருந்த ஐரிஷ்காரர் ஒருகாலத்தில் கோயில் வாங்குகளை நிரப்பினர். இவர்களோடு பருவத்துக்கு வந்துபோகும் கூட்டம் ஒன்றும் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது, அதாவது ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்க மீனவர் கிழக்குக் கரையில் வாடி அமைத்துத் தங்குவர். வாடைக்காற்று தொடங்கியதும் திரும்பிப் போவர். கிழக்கின் பங்குகளில் ஆண்டின் ஒரு பாதியில் சனம் கூடுவதும் மறுபாதியில் குறைவதும் இந்தக் காற்றுகளின் வேலை. மீனவரின் வாரமும் கோயிலோடு பிணைந்ததே. சனி இரவு வலை ஏறாது, ஞாயிறு தோணி இறங்காது என்பது கத்தோலிக்கக் கரையோரங்களில் ஊர்க்கட்டுப்பாடாகவே இருந்தது.

1893இல் கிழக்கு மாகாணம் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து திருகோணமலை மறைமாவட்டமாகி, பிரெஞ்சு இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. கேரளத்தின் கோட்டயத்தில் பணியாற்றிய சார்ள்ஸ் லவீன் 1898இல் முதல் ஆயரானார். 1917 முதல் 1946 வரை கஸ்தோன் றொபிஷே ஆயராயிருந்தார். இயேசு சபையாரின் முத்திரை இரண்டு இடங்களில் ஆழமாகப் பதிந்தது: பள்ளிக்கூடங்களிலும் சபைகளிலும். புனித சூசையப்பர் கல்லூரியும் புனித மரியாள் கல்லூரியும் நகரின் இந்து, முஸ்லிம் பிள்ளைகளையும் படிப்பித்தன. பங்குக்குள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இளைஞருக்கும் தனித்தனிச் சபைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதுகாவலர், ஒரு கொடி, ஒரு பதக்கம், ஒரு கூட்ட நாள். மாதத்தின் முதல் வெள்ளி திரு இருதய நாளாகப் பதிந்ததும் இப்படித்தான். அந்தப் பக்தியைப் பரப்பிய செப அப்போஸ்தலர் சபையே 1844இல் பிரான்சில் இயேசு சபையார் தொடங்கியது. பழைய மூப்பரின் பொறுப்பு மறையவில்லை. அது பல கைகளுக்குப் பிரிந்து, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பெயர் மாறியது.

1942 ஏப்ரல் 9, பாஸ்கா வாரத்து வியாழக்கிழமை, ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீது குண்டு வீசின. போர்க்காலம் கடற்படைத் தளத்துக்கு வேலையும் கூட்டமும் கொண்டுவந்தது; பங்கின் எண்ணிக்கையும் தளத்தோடு ஏறி இறங்கியது. 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, அதை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. இதற்குள் பிரெஞ்சுக்காரருக்குப் பதிலாக அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபையார் வந்துவிட்டிருந்தனர். 1947இல் ஆயரான இக்னேஷியஸ் கிளெனி மெக்சிக்கோவில் பிறந்தவர். அமெரிக்கக் குருக்கள் கொண்டுவந்தவற்றுள் கூடைப்பந்தும் ஒன்று. யூஜின் ஹீபர்ட் அடிகள் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பயிற்றுவித்த மாணவர் அணிகளின் பெயர் நாடு முழுவதும் பேசப்பட்டது.

ஆயினும் பங்கின் வாரத்தை உண்மையில் உலுக்கியது குண்டும் அல்ல, தளம் மூடப்பட்டதும் அல்ல. 1960இலும் 1961இலும் வந்த சட்டங்களின்படி உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. அதுவரை மறைக்கல்வி பாடசாலை நேரசூசியில் இருந்தது, ஆசிரியரே மறையாசிரியர். இனி அது கோயில் வளவுக்குள் ஞாயிறு வகுப்பாக மாற வேண்டியிருந்தது. பங்குகள் அதற்கென இளைஞரையும் யுவதிகளையும் திரட்டிப் பயிற்றின. வகுப்பு ஒழுங்கு ஓரளவு நிலைபெற்ற வேளையில் ஞாயிறே பறிபோனது. 1966 தொடக்கம் 1971 வரை இலங்கையில் ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை. நிலவின் நான்கு கலைகளுக்குரிய போயா நாட்களே விடுமுறை. அதற்கு முந்திய நாள் அரைநாள் வேலை. ஒரு போயாவுக்கும் அடுத்ததற்கும் இடையே சில வேளை ஏழு நாள், சில வேளை எட்டு நாள். கச்சேரியும் துறைமுகமும் பள்ளிக்கூடமும் ஞாயிறன்று திறந்திருக்கும். செவ்வாயோ வியாழனோ மூடியிருக்கும்.

கத்தோலிக்கருக்கு ஞாயிறு பூசை கடன். ஆகவே விடியற்காலைப் பூசையும் மாலைப் பூசையும் முக்கியமாயின. மாலைப் பூசைக்குப் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் 1953இலேயே இடங்கொடுத்திருந்தார். நற்கருணை உபவாசமும் 1957இல் மூன்று மணித்தியாலமாகக் குறைக்கப்பட்டிருந்தது. ஞாயிறு கடனைச் சனி மாலையில் தீர்க்க 1967இல் உரோமை தந்த அனுமதி உலகெங்கும் நகரவாசிகளின் வசதிக்காக வந்தது. இலங்கையிலோ அது அவசியமாகவே இருந்தது. பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கல். ஞாயிறன்று அவர்கள் பள்ளிக்கூடத்தில். போயாவன்று வகுப்பு வைத்தால் அது எந்தக் கிழமையில் விழும் என்று நாட்காட்டியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மீனவருக்கு மட்டும் மாற்றமில்லை. அவர்களுக்கு விடுமுறை தந்தது அரசு அல்ல. 1971இல் ஞாயிறு மீண்டபோது பங்குகள் பழைய நேரங்களுக்குத் திரும்பின. மாலைப் பூசை மட்டும் போகவில்லை.

இதே ஆண்டுகளில்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் மாற்றங்களும் வந்தன. 1963இல் வெளியான திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு தாய்மொழிக்கு இடம் தந்தது. லத்தீன் படிப்படியாக விலகி, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பூசைகள் ஒழுங்காயின. பீடம் மக்களை நோக்கித் திரும்பியது. வாசகங்களை வாசிக்கப் பொதுநிலையினர் எழுந்து வந்தனர். கர்நாடக ராகத்தில் அமைந்த பாடல்களும் மிருதங்கமும் ஆர்மோனியமும் பூசைக்குள் நுழைந்தன. முதியோர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. அவர்களுக்கு லத்தீன் புரிந்தது என்பதனால் அல்ல. தலைமுறையாகக் காதில் விழுந்த ஓசை நின்றுபோயிற்று என்பதே குறை. 1974இல் கிளெனி விலக, உள்நாட்டவரான லியோ இராஜேந்திரம் அன்ரனி ஆயரானார்.

பங்குச் சபைகளுள் மரியாயின் சேனையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் வாரவேலை எப்படி நடக்கிறது என்பது தெளிவாகும். 1921இல் டப்ளினில் பிராங் டவ் தொடங்கிய இச்சபையின் கூட்டம் உலகெங்கும் ஒரே அச்சு. மேசைமேல் வெள்ளைத் துணி, அமல உற்பவ மாதா சொரூபம், இரண்டு மெழுகுதிரி, இரண்டு பூச்சாடி, சேனையின் சிறு கொடி. தொடக்க செபம், செபமாலை, ஞானவாசகம். பின் கடந்த வார அறிக்கை. அதன் பிறகுதான் கூட்டத்தின் உயிர்நாடி: ஒவ்வொருவராக, தமக்குத் தந்த வேலையைச் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். நோயாளியைப் பார்த்தது, பூசைக்கு வராத குடும்பத்தைச் சந்தித்தது, கோயிலில் எழுதாமல் சேர்ந்து வாழும் தம்பதியரோடு பேசியது. வேலைக்கு இருவர் இருவராகவே போக வேண்டும். பணமோ பொருளோ கொடுக்கக்கூடாது. அது 1833இல் பாரிசில் ஒசானாம் தொடங்கிய வின்சென்ட் டி போல் சபையின் துறை. கூட்டத்தில் இரகசியப் பை ஒன்றும் சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. சேனையின் அறிக்கைக் கொப்பியில் உள்ளவை மூன்று நூற்றாண்டுக்கு முன் மூப்பர் மனத்தில் வைத்திருந்த விவரங்களே.

1983க்குப் பிந்திய போர் ஆண்டுகளில் இந்த ஒழுங்கு பலமுறை முறிந்தது. ஊரடங்கு இருந்தால் நத்தார் நள்ளிரவுப் பூசை மாலைக்கு வரும். வீதி மூடியிருந்தால் வெளியூர்க் கோயில்களுக்குக் குரு போக முடியாது. இடம்பெயர்ந்தோர் கோயில் வளவுகளில் வந்து தங்குவர்; அவர்களுக்குச் சமைப்பதே அந்த வாரத்துப் பங்குப் பணியாகிவிடும். 1990 ஓகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட ஹீபர்ட் அடிகளும் உடன் சென்ற இளைஞரும் வழியில் காணாமற்போயினர். 2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள், திருக்குடும்பத் திருவிழா. காலைப் பூசை நேரத்தை ஒட்டியே கடல் ஆழிப்பேரலையாய் ஏறி வந்தது. அடுத்த மாதங்களில் மறைமாவட்டத்தின் சமூகப்பணி நிறுவனமான எகெட் வீடும் தோணியும் வலையுமாக மறுவாழ்வு வேலைகளில் இறங்கியது. 2006இல் மூதூரில் சண்டை மூண்டபோது கொட்டியாரக் குடாவின் இருபுறமும் வாழ்ந்தவர்கள், எந்தச் சமயத்தவராயினும், பள்ளிக்கூடங்களையும் வழிபாட்டிடங்களையும் தேடியே ஓடினார்கள்.

இந்த இடர்களுக்கு நடுவேதான் அன்பியங்கள் வேர்கொண்டன. பங்கைச் சிறு வட்டங்களாகப் பிரித்து, அயல் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி, நற்செய்திப் பகுதி ஒன்றை வாசித்து, அமைதியாயிருந்து, மனதில் பட்டதைச் சொல்லி, அந்த வாரம் செய்யக்கூடிய ஒரு காரியத்தைத் தீர்மானிப்பது இதன் முறை. தென்னாபிரிக்காவின் லும்கோ நிலையம் வகுத்த ஏழு படிகள் ஆசியத் திருச்சபைகளில் பரவியதன் தடம் இது. ஊரடங்கு நேரங்களில் பிரதான கோயிலுக்குப் போக முடியாதவர் அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்பது கூடுதல் வசதி. இங்கே பெண்களின் கை மேலோங்கியது. மூப்பரும் அண்ணாவியாரும் ஆண்களாகவே இருந்தனர். அன்பியத்தை நடத்துவோரிலும் மறையாசிரியரிலும் பெரும்பான்மையோர் பெண்கள். பங்குச் சபையின் தலைவர் நாற்காலிகளில் இந்த மாற்றம் அவ்வளவு விரைவாக நிகழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

1967இல் திருகோணமலை–மட்டக்களப்பு என்று பெயர் பெற்ற மறைமாவட்டம் 2012 ஜூலை 3இல் இரண்டாகப் பிரிந்தது. மட்டக்களப்பு தனியானது, திருகோணமலைக்கு அதன் சொந்த மாவட்டம் எஞ்சியது. 1983 முதல் ஆயராயிருந்த கிங்ஸ்லி சுவாம்பிள்ளை 2015இல் ஓய்வுபெற, நோயல் இம்மானுவேல் ஆயரானார். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் நாடு முழுவதும் ஞாயிறு பூசைகள் சில வாரம் நிறுத்தப்பட்டன. மீண்டும் தொடங்கியபோது வாசலில் பைகளைச் சோதிக்கப் பங்கு இளைஞர் முறைபோட்டு நின்றனர். அடுத்த ஆண்டு கொள்ளை நோய்க்காக மறுபடி கோயில்கள் மூடப்பட்டன. பரிசுத்த வாரச் சடங்குகள் சனமில்லாமல் நடந்தன, மக்கள் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் பார்த்தனர். திறந்தபின் செவ்வாய் நவநாளும் வெள்ளி ஆராதனையும் திரும்பின. வெளியூர்ச் சிற்றாலயங்களில் குரு வர இயலாத ஞாயிறுகளில் அனுமதி பெற்ற பொதுநிலையினர் இறைவார்த்தை வழிபாடு நடத்தி, முன்கூட்டி வைத்திருக்கும் நற்கருணையை வழங்குகின்றனர்.